வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே வேன்: நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வேன் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

திங்கள் முதல் சனி வரை மூட்டை, கருவிகள், வேலி கம்பி. ஞாயிறன்று குழந்தைகள், தாத்தா பாட்டி. இரண்டுக்கும் ஒரே வண்டி தேடுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன.

ஃபோர் வீல் டிரைவ், ஆல் வீல் டிரைவ் ரெண்டும் ஒண்ணுதானே? விக்கிறவர் மாத்தி மாத்திச் சொல்றார்.

ஒன்றல்ல. பழைய பாணி ஃபோர் வீல் டிரைவில் லீவரைப் போட்டால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும். போட்டபின் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடியாக வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அது முடியாது. முறுக்கம் கியர்களிலும் ஷாஃப்டிலும் ஏறி எதையாவது உடைக்கும். மிட்சுபிஷியின் பழைய எல்300 டெலிகா இந்த வகை.

ஆல் வீல் டிரைவ் எப்போதும் வேலைக்குத் தயாராக இருக்கும், ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் ஒரு டிஃபரன்ஷியலோ, சிலிக்கோன் திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங்கோ, கணினி அழுத்திப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகளோ இருக்கும். சாலையில் சுகம். ஆனால் பெரும்பாலானவற்றில் லோ கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர், கிடையாது. செங்குத்தான மண் ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்ந்து ஏற வேண்டுமென்றால் லோ கியரின் அருமை தெரியும்.

எனக்கு உண்மையிலேயே நாலு சக்கரமும் இழுக்கணுமா?

மழைக்காலத்தில் வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் சிக்குகிறீர்கள் என்றால், நல்ல டயர் போட்ட இரு சக்கர இழுவை வேனும், முடிந்தால் பின் அச்சில் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கும் போதும். நான்கு சக்கர இழுவையால் வண்டியின் எடை கூடும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், பழுதாகக்கூடிய பாகங்களும் பெருகும். அது வண்டியைக் கிளப்ப மட்டுமே உதவும். பிரேக் பிடிக்கும்போது ஒரு உதவியும் செய்யாது. ஈரமான இறக்கத்தில் நிற்பது டயரின் புண்ணியத்தில்தான்.

ஈரக் களிமண் பாதை, புல் சரிவு, பாரம் ஏற்றிய டிரெய்லரோடு தோட்டத்திலிருந்து வெளியே வருவது, பனி. இவற்றில் ஏதாவது ஒன்று வாராவாரம் வந்தால் தயங்க வேண்டாம், வாங்குங்கள்.

சரி, எந்தெந்த வேன்களைப் பார்க்கலாம்?

வயலுக்குச் சாய்ந்த தேவை என்றால் முதலில் டெலிகா எல்400, அதாவது ஸ்பேஸ் கியர். 1994-ல் வந்தது. சூப்பர் செலக்ட் அமைப்பு உள்ள வண்டியில் லீவரில் நாலு நிலை: 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி. 2எச்-ல் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; 4எச்-ல் நான்கும் இழுத்தாலும் நடு டிஃபரன்ஷியல் திறந்திருப்பதால் தார்ச்சாலையிலும் ஓட்டலாம்; எல்சி என்று முடியும் இரண்டும் நடுவைப் பூட்டுபவை, மண்ணுக்கு மட்டும். கடைசி நிலை லோ கியர். குடும்பமும் வயலும் ஒரே லீவரில் அடங்குவது இதில்தான். வயதுதான் இதன் எதிரி. 2007-ல் வந்த டெலிகா டி:5 சாலையில் இன்னும் சொகுசு, லாக் நிலை உண்டு, லோ கியர் இல்லை.

பாரமும் இடமும் முக்கியமென்றால் டொயோட்டா ஹையேஸின் நான்கு சக்கர வகை. விஸ்கஸ் கப்ளிங் கொண்டது. இஞ்சின் முன் இருக்கைக்கு அடியில். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரில் டி3, டி4 சிங்க்ரோ வண்டிகள் விஸ்கஸ் கப்ளிங்கில் ஓடுபவை. டி5 முதல் 4மோஷன் என்ற பெயரில் கணினி இயக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச். டி3 சிங்க்ரோ மண்ணில் அபாரமானது. ஆனால் இன்று அது பிரியர்கள் சேகரிக்கும் வண்டி, உரம் ஏற்ற மனசு வராது.

குடும்பத்துக்குச் சாய்ந்த தேவைக்கு டொயோட்டா சியன்னா ஆல் வீல் டிரைவ். 2021 மாடல் முதல் பின் சக்கரங்களைச் சிறு மின் மோட்டார்தான் சுழற்றுகிறது. நடுவில் ஷாஃப்ட் இல்லாததால் பராமரிப்பு குறைவு, ஆனால் ஆழச் சேற்றில் நெடுநேரம் போராட அதை நம்பக் கூடாது. முந்தைய ஆல் வீல் டிரைவ் சியன்னாக்களில் பலவற்றுக்கு ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் ஓடும் டயர்தான். செவ்ரோலே ஆஸ்ட்ரோவும் அதன் இரட்டையான ஜிஎம்சி சஃபாரியும் 1990 முதல் 2005 வரை ஆல் வீல் டிரைவில் வந்தன. இழுவைக்குக் கெட்டி, பெட்ரோல் குடிப்பதிலும் கெட்டி. தோட்டம் சின்னது, சாலைப் பயணமும் குறைவு என்றால் கெய் எனப்படும் 660 சிசி ஜப்பானியக் குட்டி வேன்கள், அதாவது சுசுகி எவ்ரி, டைஹாட்சு ஹைஜெட், சுபாரு சாம்பார் போன்றவை குறுகிய பாதையில் கில்லாடிகள். இரண்டு பேர் உட்கார்ந்தால் 350 கிலோதான் பாரம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போக இவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஏழு சீட்டு இருக்கு. ஆளும் உட்கார்ந்து பின்னாடி பத்து மூட்டையும் போடலாமா?

பெரும்பாலும் முடியாது. வண்டியின் தகட்டில் அல்லது ஆவணத்தில் இரண்டு எண் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, வெற்று எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே மொத்தத் தாங்குதிறன். ஆட்களும் அதற்குள்தான். உதாரணமாக 2,600 கிலோவில் 1,950 போனால் மீதி 650. ஐந்து பெரியவர்களுக்கு 350 கிலோ. இழுவைக் கொக்கி, தரைப் பலகை, கருவிப்பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு நூறு கிலோ. மிஞ்சுவது 200, அதாவது ஐம்பது கிலோ மூட்டை நாலு.

வேனின் உள்ளிடம் ஆளை ஏமாற்றும். அரை கன மீட்டர் ஈர மணல் 800 கிலோவைத் தொடும். பார்வைக்குத் தரையில் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பாரத்தைப் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். அச்சுக்குப் பின்னால் குவித்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். 200 லிட்டர் தண்ணீர் டிரம் பாதி நிரம்பியிருந்தால் முழுதாக இருப்பதைவிட மோசம்; வளைவில் தண்ணீர் அலைந்து வண்டியை ஆட்டும்.

டயர்ல எதைப் பாக்கணும்?

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். இது அழகுக்குச் சொல்வதல்ல. புது டயரில் 8 மில்லிமீட்டர் பூ இருக்கிறது, தேய்ந்ததில் 4 என்றால் விட்டத்தில் 8 மில்லிமீட்டர் குறைவு, சுற்றளவில் சுமார் 25. அந்தச் சின்ன டயர் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு பின்தங்கும். நேர் சாலையிலும் விஸ்கஸ் கப்ளிங்குக்கும் கிளட்சுக்கும் ஓயாத வேலை, ஓயாத சூடு. பார்க்கப் போகும் வண்டியில் இரண்டு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பாரக் குறியீடு. டயர் அளவுக்குப் பின்னால் வரும் எண் அது: 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ, 104 என்றால் 900 கிலோ தாங்கும். மலிவுக்காகக் கார் டயர் மாட்டி விற்கப்படும் வேன்கள் நிறைய. டயரின் வயதுக்கு, அதன் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-ம் வாரம்.

ஓட்டிப் பாக்கும்போது நாலு சக்கரமும் வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விஸ்கஸ் கப்ளிங் வண்டி என்றால் முதலில் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு காய்ந்த, சமமான தளத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஆக்சிலரேட்டர் தொடாமல் முதல் கியரில் உருள விடுங்கள். நல்ல வண்டி தானாக வட்டமடிக்கும். யாரோ பிரேக்கை மிதித்ததுபோல இழுத்து நின்றால், டயர் கீச்சிட்டால், உள்ளே திரவம் கெட்டியாகி கப்ளிங் பூட்டிக்கொண்டுவிட்டது. விட்டால் அடுத்தது டிஃபரன்ஷியல். எதிர்த்திசைக் கோளாறும் உண்டு: திரவம் சத்திழந்து எதையும் கடத்தாமல் போவது. அதற்கு வழக்கமாக இழுக்கும் அச்சின் இரு சக்கரங்களையும் ஈரப் புல்லிலோ தளர்ந்த சரளையிலோ நிறுத்தி மெல்லக் கிளப்புங்கள். மற்ற அச்சு உதவிக்கு வருகிறதா என்று ஒருவர் வெளியே பக்கவாட்டில், எட்ட நின்று பார்க்கட்டும். ஒரு அச்சை ஜாக்கியில் தூக்கிச் சோதிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மற்ற அச்சு பிடித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து பாயும்.

லீவர் வகையில் சோதனை நேர்மாறு. மண் தரையில் 4எச் போட்டு வட்டமடித்தால் ஸ்டியரிங் கனத்து, வண்டி லேசாக முரண்ட வேண்டும். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் முன் அச்சு சேரவே இல்லை. டெலிகாவில் முன் அச்சைச் சேர்ப்பது வெற்றிட அழுத்தம். அதன் மெல்லிய ரப்பர் குழாய்கள் வெடித்தாலோ வால்வு அடைத்தாலோ டாஷ்போர்டில் சக்கர விளக்கு நிலைக்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். சூப்பர் செலக்ட் வண்டியில் 4எச் தார்ச்சாலையிலும் இயல்பாக வளையும் என்பதால் முரண்டலை எல்சி நிலையில்தான் பாருங்கள். லோ கியரையும் போட்டுப் பாருங்கள். பல வருடம் யாரும் தொடாத லீவர் துருப்பிடித்து நகராது.

கணினி கிளட்ச் வண்டியில் கையால் உணர்வது கடினம். ஸ்கேனரில் பிழைக் குறி இருக்கிறதா, கிளட்ச் எண்ணெய் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹால்டெக்ஸில் பொதுவாக 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டுகளின் கசடு பம்பை அடைக்கும், பின் சக்கரம் சத்தமில்லாமல் ஓய்வெடுத்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு முதல் சேற்றில்தான் தெரியும்.

வண்டிக்கு அடியில படுத்து எதைப் பாக்கணும்?

இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் மூன்றின் எண்ணெய். நிரப்பும் போல்ட்டை முதலில் திறக்க வேண்டும், வடிக்கும் போல்ட்டை அல்ல. நிரப்பும் போல்ட் கழலவே மாட்டேன் என்றால் வடித்த பிறகு எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. விரலைவிட்டு எடுத்த எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காரணம் எளிது: ஓடிச் சூடான டிஃபரன்ஷியலை வாய்க்காலில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்; காற்று போய்வரும் பிரீதர் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயை மேலே இஞ்சின் அறை வரை நீட்டிவைத்திருந்தால் முந்தைய உரிமையாளர் விஷயம் தெரிந்தவர்.

ஆக்சில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகினால் கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா, நடு பேரிங்கின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டும்போது 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்ந்தால் பெரும்பாலும் இவைதான்.

பின் ஏசி, பின் ஹீட்டர் உள்ள வேன்களில் இஞ்சினிலிருந்து பின்னால் போகும் உலோகக் குழாய்களைத் தவறவிடாதீர்கள். அவை துருப்பிடித்துப் பொத்தலானால் கூலண்ட் முழுதும் வழியிலேயே ஒழுகி, சூடேறி ஹெட் வெடிக்கும். ஒரு ஹீட்டர் குழாய்க்காக இஞ்சின் போவது வேனுக்கே உரிய சாவு.

பெயிண்ட் புதுசா பளபளன்னு இருக்கு. நல்லதுதானே?

சந்தேகப்படுங்கள். தோட்டத்தில் உழைத்த வேனை உரமும் சாணமும் உள்ளிருந்து தின்னும். உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்போடு வைத்துக்கொள்ளும். சாணத்திலிருந்து வரும் அம்மோனியா ஒயரிங்கின் செம்பு, பித்தளை முனைகளைப் பச்சையாக்கும். தரை விரிப்பையும் பலகையையும் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தூக்க விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

பின் சக்கர வளைவின் உட்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், ஸ்டெப்னி தொங்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் இரும்பு, மொத்தென்றால் துருவை மறைக்கப் பூசிய பட்டி. சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டினாலும் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்கு. நம்பலாமா?

தோட்ட வண்டிக்கு கிலோமீட்டர் அரைக் கணக்குதான். முதல் கியரில் உறுமிக்கொண்டே நின்ற நேரம் மீட்டரில் ஏறாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அடுத்து இஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மாவு போன்ற தூசி ஒட்டினால் அது ஃபில்டரைத் தாண்டிப் போயிருக்கிறது, பிஸ்டன் ரிங் அதைத் தின்றிருக்கிறது. மீட்டர் எவ்வளவு சொன்னாலும் அந்த இஞ்சின் கிழடு.

ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். உமியும் வைக்கோல் தூளும் அங்கே கம்பளம் போலப் படிந்திருக்கும். கொட்டகையில் நின்ற வண்டியானால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

டீசலா, பெட்ரோலா?

பாரமும் இழுவையும் தினமும் என்றால் டீசல். ஆனால் புகை வடிகட்டி பொருத்திய புதிய டீசல், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. வடிகட்டியில் சேரும் கரி எரிய, சூடான இஞ்சினோடு ஒரே சீராக இருபது நிமிடமாவது சாலையில் ஓட வேண்டும். அது கிடைக்காமல் பாதியிலேயே அணைத்துக்கொண்டிருந்தால் எரியாத டீசல் இஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாசனையும் வந்தால் விலகிவிடுங்கள். வாரம் ஒருமுறை குடும்பத்தோடு நீண்ட பயணம் போகிற வீடு என்றால் இந்தத் தொல்லை தானாகவே தீரும்.

பழைய டெலிகாவில் 4டி56 டீசல் டைமிங் பெல்ட்டில் ஓடுவது. மாற்றிய ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2.8 லிட்டர் 4எம்40-ல் செயின். இரண்டுமே அதிகச் சூட்டைப் பொறுக்காதவை. இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, கூலண்டில் தொடர்ந்து குமிழ் வருகிறதா பாருங்கள்.

சிவிடி கியர் வண்டி சேத்துல தாங்குமா?

சிவிடி என்பது பல்சக்கரப் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக். சிக்கும் வரை தாங்கும். சிக்கியபின் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுப்பதுதான் அதைக் கொல்லும். பெல்ட் வழுக்கி எண்ணெய் கொதிக்கும். எச்சரிக்கை விளக்கு வந்தால் நியூட்ரலில் போட்டு ஆற விடுங்கள். பாரம் இழுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சாதாரண ஆட்டோமேட்டிக் அல்லது கையால் போடும் கியர் நல்லது.

குழந்தைகளும் பூச்சிமருந்து டப்பாவும் ஒரே வண்டியில போகலாமா?

ஒரே பயணத்தில் கூடாது. மூடிய வேனில் ஆவி எங்கும் போகாது, இருக்கைத் துணி அதை உறிஞ்சி நாட்கணக்கில் வைத்திருக்கும். மருந்து ஏற்றியே ஆக வேண்டுமென்றால் விளிம்புள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நிறுத்திக் கட்டி, ஆளில்லாமல் கொண்டுபோய், திரும்பியதும் தொட்டியை வெளியே எடுத்துக் கழுவுங்கள். வாங்கும்போதே மூக்கால் சோதியுங்கள்: கண்ணாடியெல்லாம் ஏற்றி வெயிலில் அரை மணி நின்ற வண்டியின் கதவைத் திறந்ததும் வரும் வாசனை பொய் சொல்லாது.

கட்டாத சாமானும் அதே அளவு ஆபத்து. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றால், பின்னால் இருக்கும் 20 கிலோ கேன் ஏறக்குறைய 400 கிலோ விசையோடு முன்னிருக்கையை நோக்கி வரும். இரும்புத் தடுப்பு வலையும் தரையில் கொக்கிகளும் உள்ள வேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். 1990-களின் வேன்களில் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டும் இருப்பது சகஜம். குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். தானியமும் மண்ணும் அடைத்த இருக்கைத் தண்டவாளம் பூட்டிக்கொள்ளாது.

டிரெய்லர் இழுக்கணும். கொக்கி இருந்தாப் போதுமா?

கொக்கி இருப்பது அனுமதி ஆகாது. வண்டியின் இழுவை வரம்பு தனி எண், ஆவணத்தில் பாருங்கள். டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். அதற்கும் குறைந்தால் வால் ஆடும். அந்த அழுத்தம் நான்காம் கேள்வியில் கணக்குப் போட்ட தாங்குதிறனிலிருந்தே கழியும்.

வாங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

பில் இல்லாத எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள்: இஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், கூலண்ட், பிரேக். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்குத் தனி எண்ணெய், சாதாரணத்தை ஊற்றினால் வளைவில் கடகடக்கும். பிரீதர் குழாய்களை ஊதிப் பாருங்கள். பிறகு தரைக்கு அடியில் துருத் தடுப்பு மெழுகு; வடிகால் துளைகளை அது அடைத்துவிடக் கூடாது.

ஒரு டயர் மட்டும் வெடிச்சுப்போச்சு. மத்த மூணும் பாதி தேஞ்சிருக்கு. நாலையும் மாத்தணுமா?

ஐந்தாம் கேள்வியின் கணக்கு இங்கேயும் அதேதான். வழி இருக்கிறது: அதே மாடலில் அதே அளவு தேய்ந்த பழைய டயர் தேடுங்கள், அல்லது புது டயரைக் கடைசல் எந்திரத்தில் மற்றவற்றின் அளவுக்குச் சீவும் கடை கிடைத்தால் சீவச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் முறைவைத்து மாற்றி ஓட்டிவந்தால் இந்த நிலை வராது. லீவர் வகை வண்டியில் 2எச்-ல் போகும்வரை அவ்வளவு கவலையில்லை, டிஃபரன்ஷியல் உள்ள ஒரே அச்சில் சமமற்ற இரண்டை நெடுநாள் ஓட்டாமல் இருந்தால் சரி.

வழியில நின்னுட்டா கட்டி இழுத்துட்டு வரலாமா?

ஆல் வீல் டிரைவ் வேனின் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கவே கூடாது. தரையில் உருளும் அச்சும் அசையாத அச்சும் சேர்ந்து கப்ளிங்கைச் சில கிலோமீட்டரிலேயே வேகவைத்துவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரியை அழையுங்கள். இதே காரணத்தால், ஒரு அச்சை மட்டும் உருட்டும் பிரேக் சோதனை எந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் இது நான்கு சக்கர வண்டி என்று சொல்லிவிடுங்கள். சேற்றிலிருந்து சில மீட்டர் வெளியே இழுப்பது வேறு விஷயம்: டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, பாரத்தை இறக்கி, நியூட்ரலில் வைத்து, அடிச்சட்டத்தின் இழுவை வளையத்தில் கட்டி மெல்ல எடுக்கலாம். தார்ச்சாலை ஏறுமுன் காற்றைத் திரும்ப நிரப்ப, ஒரு சின்ன கம்ப்ரசர் இருக்கைக்கு அடியில் எப்போதும் கிடக்கட்டும்.